மாமனார் குரலும் நாலு காயில்களும்

எங்கள் வீட்டில் ஒரு பழைய கேசட் இருக்கிறது. 1986-ல் என் மாமனார் தஞ்சாவூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தேவாரம் பாட, என் மைத்துனர் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தது. மாமனார் பள்ளிக்கூட வாத்தியார். மேடை ஏறியவர் இல்லை. ஆனால் கணீரென்ற குரல். அவர் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கேசட் நைந்து போவதற்குள் என் மகன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை காலையில் விளக்கேற்றிவிட்டு அதைக் கேட்பது என் மனைவிக்கு வழக்கம்.

அந்தப் பாட்டை இத்தனை வருடமும் பாட வைத்தது நான் கையாலேயே கட்டிய ஒரு ஆம்ப்ளிஃபையர். பெரிய டிரான்ஸ்ஃபார்மர், கை வைத்தால் சுடும் அலுமினியத் தகடு, ஏழெட்டுக் கிலோ எடை. போன வருடம் அது ஓய்ந்துவிட்டது. ரிச்சி தெருவுக்குப் போய், உள்ளங்கையில் அடங்கும் ஒரு 'டிஜிட்டல் ஆம்ப்ளிஃபையர்' போர்டு வாங்கி வந்தேன். 50+50 வாட் என்று எழுதியிருந்தது. பெட்டிக்குள் வைத்து, வீட்டில் கிடந்த 12 வோல்ட் அடாப்டரைக் கொடுத்து, பழைய ஸ்பீக்கர்களையே இணைத்தேன்.

முதல் வெள்ளிக்கிழமையே அவள் சொன்னாள்: "என்னங்க, அப்பா குரல் மேல போறப்ப கிழியுதுங்க."

"அது பழைய டேப். அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"டேப் இரைச்சல் எனக்குத் தெரியாதா? அது எப்பவும் இருக்குறது. இது வேற."

அடுத்த வாரமும் அதையே சொன்னாள். நான் கொஞ்சம் எரிச்சலோடு, "அந்தச் சில்லோட டேட்டா ஷீட்டைப் படிச்சேன். சிதைவு 0.1 சதவீதம்தான். நம்ம ரெண்டு பேர் காதுக்கும் வயசாயிடுச்சு, அதான்" என்றேன். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. "கொஞ்சம் குறைங்க" என்று மட்டும் சொல்வாள். நானும் குறைப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை பென்டிரைவை எடுக்கவே இல்லை. கேட்டதற்கு, "வேலை இருக்கு" என்றாள்.

அன்று மத்தியானம்தான் எனக்கு உறைத்தது. இத்தனைக்கும் நான் முப்பத்தைந்து வருடம் தொலைபேசித் துறையில், டிரான்ஸ்மிஷன் பிரிவில் குப்பை கொட்டியவன். சிதைவைப் பற்றிப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பே எடுத்தவன். இரைச்சலுக்கும் சிதைவுக்கும் நான் சொல்லித் தரும் முதல் வித்தியாசம் என்ன? பேச்சு நின்றபோதும் இருப்பது இரைச்சல். பேச்சு உயர உயரக் கூடுவது சிதைவு. அவளும் அதைத்தான் சொன்னாள். "மேல போறப்ப கிழியுது."

பரணிலிருந்து பழைய ஆசிலோஸ்கோப்பை இறக்கினேன்.

இந்த வகை ஆம்ப்ளிஃபையரை 'கிளாஸ் டி' என்பார்கள். அந்த 'டி' டிஜிட்டலைக் குறிப்பதல்ல. ஏ, பி, சி-க்கு அடுத்து வந்ததால் டி. பழைய ஆம்ப்ளிஃபையர், குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் தண்ணீரை அளப்பது போல. இதில் பாதித் திறப்பு என்பதே கிடையாது. முழுக்கத் திற, முழுக்க மூடு. நொடிக்கு நான்கு லட்சம் முறை அப்படிச் செய்யும். ஒலி உயரும்போது திறந்திருக்கும் நேரம் கூடும், தாழும்போது குறையும். இந்தத் துண்டு துண்டான மின்சாரத்தை ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்து வழவழப்பாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். சூடு அதிகம் கிடையாது. கொடுத்த மின்சாரத்தில் சுமார் 90 சதவீதம் வெளியே வந்துவிடும்.

சிதைவு எங்கெல்லாம் புகுகிறது? முதலில் அடாப்டரைப் பார்த்தேன். 12 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதையாமல் கிடைப்பது ஏழெட்டு வாட்தான். அதற்கு மேல் கேட்டால் அலையின் தலை வெட்டுப்படும். ஸ்கோப்பில் மலைச் சிகரம் மேசை மாதிரி தட்டையாகத் தெரிந்தது. போர்டில் எழுதியிருந்த 50 வாட்டை டேட்டா ஷீட்டில் மறுபடி தேடினேன். அது 4 ஓம் ஸ்பீக்கருக்கு, 21 வோல்ட்டில், அதுவும் 10 சதவீதச் சிதைவில் அளந்தது! 0.1 என்பதை மட்டும் படித்துவிட்டு, பக்கத்தில் இருந்த 10-ஐப் படிக்காமல் விட்டிருக்கிறேன். 24 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் ஒன்று வாங்கி மாற்றினேன். கிழிசல் பாதி குறைந்தது. மீதி பாதி அப்படியே இருந்தது.

அடுத்தது சில்லுக்கு உள்ளே நடப்பது. மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்தால் சப்ளை நேராக ஷார்ட் ஆகிவிடும். அதனால் ஒன்று மூடியபின் சில பத்து நானோ நொடிகள் பொறுத்துத்தான் மற்றொன்று திறக்கும். அந்தச் சொற்ப இடைவெளியில் வெளியீடு யார் பிடியிலும் இல்லை. அதுவும் சிதைவுதான். ஆனால் அதைத் திருத்தச் சில்லுக்குள்ளேயே பின்னூட்டம் இருக்கிறது.

இந்தப் பின்னூட்டத்தின் கதை எங்கள் துறையிலிருந்து வந்ததுதான். 1927 ஆகஸ்ட் 2 காலை, பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஹரால்ட் பிளாக் என்ற 29 வயது இளைஞர் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தொலைதூரத் தொலைபேசித் தடங்களில் வரிசையாக ஆம்ப்ளிஃபையர்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் சிதைக்க, கடைசியில் பேச்சே புரியாமல் போகும். இதற்கு என்ன வழி என்று வருடக்கணக்கில் யோசித்தவருக்கு அன்று படகில் பொறி தட்டியது. கையில் இருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையிலேயே வரைந்துவிட்டார். வெளியே வந்ததில் ஒரு பங்கை வாசலுக்கே திருப்பிக் கொண்டுவந்து, உள்ளே வந்ததோடு ஒப்பிடு. வித்தியாசத்தை எதிர்ப்பக்கம் கொடுத்துத் திருத்து. பெருக்கும் சக்தியில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாகச் சிதைவு குறையும். நூறில் ஒரு பங்காகக்கூடக் குறைக்கலாம். அவருக்குப் பேடண்ட் கிடைக்கவே 1937 ஆகிவிட்டது.

சரி, பின்னூட்டம் இருந்தும் என் போர்டில் ஏன் மிச்சச் சிதைவு? சர்க்யூட்டை வரைந்து பார்த்தபோது புரிந்தது. சில்லு தன் வேலையைத் தன் காலடியிலேயே சரிபார்த்துக்கொள்கிறது. காயிலும் கெப்பாசிட்டரும் அதற்கு அப்பால் இருக்கின்றன. அவை செய்யும் தப்பு சில்லுக்குத் தெரியாது. என் போர்டில் இருந்தவை சின்னக் காயில்கள். மின்னோட்டம் கூடினால் அவற்றின் இரும்புத்தூள் உள்ளகம் நிறைந்து, காயில் காயிலாக இருக்காது. கெப்பாசிட்டர்களோ மலிவான செராமிக். வோல்ட்டேஜ் ஏற ஏற அவற்றின் மதிப்பு இறங்கும். பாட்டு உச்சத்துக்குப் போகும்போதுதான் இரண்டும் கைவிடும்.

காயிலைத் தாண்டி, ஸ்பீக்கர் முனையிலிருந்தே பின்னூட்டம் எடுக்கலாமே என்று தோன்றும். எடுக்கலாம். ஆனால் காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்து செய்தியைத் தாமதப்படுத்தும். தாமதமாக வரும் திருத்தம் திருத்தாமல் ஊளையிட வைத்துவிடும். பிலிப்ஸ் நிறுவனத்தில் இருந்த புரூனோ புட்சைஸ் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தாமதத்தையே பயன்படுத்தி, ஸ்பீக்கர் முனையிலிருந்து பின்னூட்டம் எடுக்கும் ஒரு அமைப்பைச் செய்து காட்டினார். நல்ல விலையுள்ள கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர்கள் இன்று அவ்வளவு சுத்தமாகப் பாடுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். என் சின்ன போர்டில் அதற்கு இடமில்லை. நான் செய்யக்கூடியது ஒன்றுதான்: பின்னூட்டத்துக்கு வெளியே இருக்கும் பொருள்களை நல்ல பொருள்களாக மாற்றுவது.

10 மைக்ரோஹென்றியில் பெரிய காயில் நாலு, 0.68 மைக்ரோஃபாரடில் ஃபிலிம் கெப்பாசிட்டர் நாலு. பழைய செராமிக்குகள் அரிசிமணி அளவு. என் கை லேசாக நடுங்கும். "கொஞ்சம் டார்ச் பிடிக்கிறியா?" என்று கேட்டேன். அவள் வந்து, ஒன்றரை மணி நேரம் அசையாமல் பிடித்தாள்.

சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டு, "நீ சொன்னதுதான் சரி. காதுல ஒண்ணும் தப்பில்ல" என்றேன்.

"எனக்குத் தெரியுமே" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தால் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. திருத்த வேண்டுமென்றால் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஒப்பிட வேண்டும். மாமனாரின் குரலைத் திண்ணையில் உட்கார்ந்து வருடக்கணக்கில் கேட்டவள் இந்த வீட்டில் அவள் ஒருத்திதான். எனக்குத் தெரிந்தது டேட்டா ஷீட் மட்டும். அதை வைத்துக்கொண்டு அவள் வாயை அடைத்துவிட்டேன். ஆபீசிலும், சோதனை மேசையில் முள் சரியாக நின்றால், "லைன்ல கரகரப்பு" என்று சொன்ன சந்தாதாரரை எத்தனை முறை நம்பாமல் இருந்திருக்கிறேனோ!

நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மாதிரி போர்டு வாங்கினால் வாட் கணக்கை நம்பாதீர்கள். அது எத்தனை சதவீதச் சிதைவில் என்று பாருங்கள். அடாப்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். காயிலும் கெப்பாசிட்டரும் நல்லதாக இருக்கட்டும். வீட்டில் யாராவது "சரியில்லை" என்று சொன்னால், காது டாக்டரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஸ்பீக்கர் முன்னால் போய் நில்லுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானே பென்டிரைவைச் சொருகினேன். அவள் பூத்தொடுத்துக்கொண்டே கேட்டாள். மாமனார் உச்சத்துக்குப் போகும் அந்த இடம் வந்தது. பழக்கதோஷத்தில் என் கை சத்தம் குறைக்கும் குமிழுக்குப் போனது.

"குறைக்காதீங்க" என்றாள். "இன்னும் கொஞ்சம் ஏத்தி வைங்க."