சிக்னல் 11: ஒரே பெயரில் இரண்டு பேர்

சர்வர் என்றதும் இட்லி, வடை கொண்டுவருபவர் நினைவுக்கு வந்தால் தப்பே இல்லை. இணைய சர்வர் செய்வதும் அதே வேலைதான். கேட்ட பக்கத்தைக் கொண்டுவந்து முன்னால் வைக்கும். ஆனால் ஆர்டர் எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் திரும்பி வராமலேயே போய்விட்டால்?

2000-ஆம் ஆண்டு வாக்கில் அப்பாச்சி 1.3-ஐ வைத்துத் தளம் நடத்திய பலருக்கு இந்த அனுபவம் உண்டு. அப்படி ஒரு நிர்வாகியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தளம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஒரு பக்கத்தைக் கேட்டால் மட்டும் வெறும் வெள்ளைத் திரை. பதிவுக் கோப்பைத் திறந்தால் ஒரே வரி திரும்பத் திரும்ப: குழந்தைச் செயல் செத்தது, செக்மென்டேஷன் ஃபால்ட், சிக்னல் 11.

அப்பாச்சியில் ஒரு தாய்ச் செயல், அதற்குப் பல குழந்தைகள். ஒரு குழந்தை செத்தால் தாய் உடனே இன்னொன்றைப் பிறப்பித்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதனாலேயே கோளாறு வெளியே தெரிவதில்லை. எத்தனை தடவை மறுதுவக்கம் செய்தாலும்... ம்ஹூம், பலன் இல்லை.

அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருப்பது எக்ஸ்எம்எல் படிக்கும் ஒரு பெர்ல் நிரல். மோட்_பெர்லை நிறுத்தினால் சர்வர் சாவது நிற்கிறது. போதாதா? பழி முழுவதும் நிரல் எழுதியவர் தலையில்! அவரோ அதே நிரலை அப்பாச்சி இல்லாமல் கட்டளை வரியில் ஓட்டிக் காட்டுகிறார். அங்கே அது அழகாக ஓடுகிறது. இப்போது யார் சொல்வது பொய்?

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. எக்ஸ்எம்எல் படிப்பதற்கு ஜேம்ஸ் கிளார்க் எழுதிய எக்ஸ்பாட் என்றொரு நூலகம் உண்டு. அப்பாச்சி அதன் ஒரு பிரதியைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தது. பெர்லின் எக்ஸ்எம்எல் பார்சர் தனக்கென்று இன்னொரு பிரதியைக் கொண்டுவந்தது. இரண்டிலும் செயல்கூறுகளின் பெயர் ஒன்றே. பதிப்பு மட்டும் வேறு. பெர்ல் தன் பிரதியைக் கூப்பிட, ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்த அப்பாச்சியின் பிரதி ஓடிவந்தது. நினைவகத்தில் எது எங்கே இருக்கிறது என்பதில் இரண்டுக்கும் கணக்கு வேறு. கை வைக்கக் கூடாத இடத்தில் கை வைத்தது; சிக்னல் 11.

காமர்ஸ் மாணவர்களுக்கு இது புதிதல்ல :) லெட்ஜரில் இரண்டு ராமசாமி கணக்கு இருந்து, ஒருவருடைய பற்று மற்றவர் கணக்கில் ஏறினால் என்ன ஆகும்? ட்ரையல் பேலன்ஸ் கச்சிதமாக டேலி ஆகும். பிழை உள்ளேயே இருக்கும். திட்டு மட்டும் எழுதிய குமாஸ்தாவுக்கு.

கண்டுபிடிக்கும் வழி பொறுமையான வழிதான். அப்பாச்சியை ஒற்றைச் செயலாக ஜிடிபி-க்குள் ஓட்டி, அதே பக்கத்தைக் கேட்டு, விழுந்த கணத்தில் எந்தச் செயல்கூறு எதைக் கூப்பிட்டது என்ற வரிசையைப் பார்க்க வேண்டும். அங்கே எக்ஸ்பாட்டின் பெயர் இருக்கும். மருந்தும் சின்னதுதான். அப்பாச்சியைத் தொகுக்கும்போது உள்ளிருக்கும் எக்ஸ்பாட்டை விலக்கச் சொல்லி ஒரு விருப்பம் கொடுத்தால் போதும். நிரலில் ஒரு எழுத்தைக்கூடத் தொட வேண்டாம்.

அப்பாச்சி 2.0 வந்த 2002-க்குப் பிறகு வேறொரு சண்டை. பல இழைகளில் ஓடும் அப்பாச்சிக்கும், இழைகளுக்குப் பழகாத நூலகங்களைச் சார்ந்த பிஎச்பி நீட்சிகளுக்கும் ஒத்துப்போகவில்லை. பழையபடி ஒரு செயலுக்கு ஒரு வேலை என்றே ஓட்டுங்கள் என்பதுதான் பொதுவான அறிவுரையாக இருந்தது. 2010-இல் பிஎச்பி 5.3.3-உடன் எஃப்பிஎம் சேர்ந்து வந்தது. பிஎச்பி தனிச் செயலாக ஓடும்; அப்பாச்சியோடு பேச்சுவார்த்தை வாசலோடு சரி. தனிக்குடித்தனம் போனால் சில வீடுகளில் சண்டை குறையுமே, அதே கதை.

ஒன்றை நீக்கியதும் கோளாறு நின்றால், அது சண்டையில் ஒரு தரப்பு என்பது மட்டும்தான் நிரூபணம். குற்றவாளி என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அதைத் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் பெர்ல் நிரல் எழுதியவர் கேட்டதும் அவ்வளவுதான்.