மரத்தடியில் ஒரு பெஞ்ச்

2005. ஜிம்பாப்வே மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டார். மருத்துவமனைக்கு அழைத்துவரப் பேருந்துக் காசு இல்லை என்றார் தாய். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதே ஆண்டில்தான் அந்த நாட்டு அரசு நகரக் குடியிருப்புகளை இடித்துத் தள்ளியது. சுமார் 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இழந்தார்கள் என்றது ஐ.நா. வீடு இடிந்தவருக்கு மாத்திரை மட்டும் போதுமா?

இந்தக் கேள்விகளோடு, 2006-இல் தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிகளுடன் சிபாண்டா தொடங்கிய மனநல உதவித் திட்டம்தான் 'நட்பு பெஞ்ச்'. சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மர பெஞ்ச். மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல் அங்கே இல்லை. 'குஃபுங்கிசிசா', அதாவது அளவுக்கு மீறி யோசிப்பது, என்ற ஷோனா சொல்தான். உதவி தேடி வந்தவர் சொல்வதைப் பாட்டி முதலில் காதுகொடுத்துக் கேட்பார். பிறகு இருவருமாக ஒரு சிக்கலைத் தேர்ந்து வழி தேடுவார்கள். அடுத்து, அதே துயரைக் கடந்தவர்களின் குழுவில் சேர்ந்து பை பின்னிச் சம்பாதிக்கலாம்.

24 சுகாதார நிலையங்களில் 573 பேரிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. ஆறு மாதத்தில், பெஞ்சில் அமர்ந்தவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் வெகுவாகக் குறைந்திருந்தன.

சமூக உளவியல் எனக்குக் கற்றுத்தந்தது இதுதான்: துயரம் மனசுக்குள் மட்டும் பிறப்பதில்லை. வாடகை, வேலை, வன்முறை, அவமானம் எல்லாம் சேர்ந்தே அதை வளர்க்கின்றன. நீதியும் மருந்துதான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவரும் மருந்துதான்.