பம்ப் இல்லாத எந்திரம்



தலைப்பைப் பார்த்து ஹைட்ராலிக்ஸ் பாடம்னு நினைச்சுப் பக்கத்தைப் புரட்டிடாதீங்க! நான் சொல்ல வந்தது ஒரு புழுவைப் பற்றி. "மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குப் புழு எதுக்குடா?" என்று வேப்பம்பட்டு ஸ்டேஷனில் நண்பன் கேட்டான். அவனுக்குச் சொன்ன பதில்தான் இது.

மழைக்காலத்தில் எங்க ஊர்க் கிணற்றடியில் சுத்தியல் மாதிரித் தலையோடு ஒரு புழு ஊர்ந்து போகும். அது தட்டைப்புழு இனம். அதன் கடல் சொந்தங்கள் மன்னார் வளைகுடாவிலும் லட்சத்தீவிலும் பவளப்பாறை இடுக்குகளில் வாழ்கின்றன. பார்க்க ரிப்பன் துண்டு போல இருக்கும். ஊதா, மஞ்சள், ஆரஞ்சு என்று தீபாவளி ஜவுளிக்கடை தோற்றது போங்க!

இதுக்கு இதயம் கிடையாது, ரத்தம் கிடையாது, செவுளும் கிடையாது. அப்போ ஆக்சிஜன்? தோல் வழியாகவே ஊறி உள்ளே போகிறது. அதனால்தான் தட்டை!

கணக்குப் போட்டுப் பாருங்க. 2 செ.மீ. கனசதுரத்தின் கனஅளவு 8, மேற்பரப்பு 24. அதையே 1 மி.மீ. தகடாக அடித்தால் மேற்பரப்பு 160க்கும் மேல். பைக் எஞ்சினில் ஃபின் வைப்பதும் இதே தத்துவம்தானே? சாப்பாட்டை உடம்பெங்கும் சேர்க்க, குடலே கிளைகிளையாகப் பிரிந்து போகிறது. 'பாலிக்ளாட்' என்ற பெயருக்கே 'பல கிளை' என்றுதான் அர்த்தம்.

ஆனால் அந்த மெலிவே அதன் பலவீனமும். கையில் எடுத்தால் கிழிந்துவிடும். ஸ்பிரிட்டில் போட்டால் சுருண்டுவிடும். ஆராய்ச்சிக்குப் பத்திரப்படுத்துவதே பெரும்பாடு. அதனால் இன்னும் பெயரே வைக்கப்படாத இனங்கள் எத்தனையோ.

பெயர் வைக்கும்வரை அவற்றின் வீடு இருக்க வேண்டாமா? 1986ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இன்று தண்ணிக்கு அடியில். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். 2001 முதல் பவளத்துக்கும் புலியைப் போலவே சட்டப் பாதுகாப்பு உண்டு.

ஆகவே தோழர்களே, ராமேஸ்வரம் டூர் போனால் கடைக்காரர் "தம்பி, ஞாபகார்த்தமா வெச்சுக்கோ" என்று பவளத் துண்டை நீட்டலாம். வாங்காதீங்க. ஷோகேஸில் வைக்க அது ஒரு கல். பம்ப் இல்லாமலே ஓடும் எந்திரத்துக்கு அதுதான் ஷெட்!