அனுப்பர்பாளையத்துப் பித்தளைப் பட்டறை

திருப்பூர் என்ற பெயரைச் சொன்னவுடன் நேயர்களுக்கு இரண்டு விஷயங்கள் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, 1932-ம் ஆண்டு ஜனவரி மாதம் போலீஸ் தடியடிக்கு ஆளாகி, கையில் பிடித்த கொடியுடன் விழுந்து உயிர் துறந்த குமரன். மற்றொன்று பனியன். முன்னவரை நாம் வருஷத்துக்கு ஒரு முறை நினைத்துக்கொள்கிறோம். பின்னதைத் தினந்தோறும் தேடுகிறோம். போகட்டும். இவ்விரண்டையும் தவிர அந்தப் பக்கத்துக்கு மூன்றாவது பெருமை ஒன்றும் உண்டு. நம் வீட்டுப் பரணில் கவிழ்த்து வைத்திருக்கும் பித்தளை அண்டாவைக் கேட்டால் சொல்லும். அதற்கு வாய் பெரியதுதான், பேசத்தான் தெரியாது.

திருப்பூரிலிருந்து அவிநாசிக்குப் போகும் சாலையில் அனுப்பர்பாளையம் இருக்கிறது. நகரம் வளர்ந்து வந்து அதை விழுங்கிவிட்டபடியால் இப்போது தனி ஊராகத் தோன்றாது. ஆயினும் பெரிய சாலையை விட்டு ஒரு சந்துக்குள் திரும்பியதுமே வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. பனியன் கம்பெனியின் இரைச்சல் ஓயாமல் ஒரே சுருதியில் இருக்கும். இங்கே கேட்பது சுத்தியலின் ஓசை. ஒரு வீட்டில் நின்றால் அடுத்த வீட்டில் ஆரம்பிக்கிறது. வேலம்பாளையம், அங்கேரிபாளையம், ஆத்துப்பாளையம் என்று சுற்றுப்புறத்து ஊர்களிலும் பாத்திரத் தொழில் பரவியிருக்கிறது. முற்றத்திலே குடும்பம், தாழ்வாரத்திலே பட்டறை.

கொங்கு நாட்டுக்கு உலோக வேலை புதிதன்று. நொய்யல் நதி கிழக்கே செல்லும் வழியில் கொடுமணல் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே தோண்டிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இரும்பு உருக்கும் உலைகளைக் கண்டார்கள். மணிகள் பதித்த வெண்கலப் புலி ஒன்றும் கிடைத்தது. அந்தக் கொல்லர்களுக்கும் இந்தப் பட்டறைக்காரர்களுக்கும் உறவு சொல்ல நம்மிடம் சாஸனம் ஏதுமில்லை. நதி மட்டும் ஒன்றே.

நாம் சென்ற பட்டறையில் மூன்று தலைமுறையினரைப் பார்த்தோம். பெரியவருக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். மகன் ஐம்பதை நெருங்குகிறார். பேரன் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் துருத்திக்குப் பதிலாக வைத்திருக்கும் மின்சார ஊதியை முடுக்கிக் கொடுப்பான். "சத்தமாப் பேசுங்க. அப்பாவுக்குக் காது மந்தமுங்க" என்றார் மகன். அறுபது வருஷம் தகட்டின்மேல் சுத்தியலை இறக்கினவருக்குக் காது எப்படி மிஞ்சும்? ஆனால் பெரியவர் அதைப் பற்றிக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. இடது உள்ளங்கையைத் தவலையின் வயிற்றுக்குள் கொடுத்து, வலது கையால் வெளியே தட்டிக்கொண்டே, "காதில்லாட்டி என்னங்க? கையிலதான் கேட்குதே!" என்றார்.

அது வெறும் வேடிக்கைப் பேச்சு அல்லவென்பது வேலையைக் கவனித்தால் விளங்குகிறது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலப்பு. அதைத் தட்டத் தட்ட இறுகிக்கொண்டே வரும். ஓர் அளவுக்கு மேல் தட்டினால் வெடித்துவிடும். ஆகவே இடையிடையே நெருப்பிலிட்டு, மங்கலாகச் சிவந்ததும் எடுத்து ஆறவிட்டு, மறுபடி தட்டவேண்டும். எப்போது நெருப்புக்குக் கொண்டுபோவது, எப்போது நிறுத்துவது என்பதற்குக் கடிகாரமோ தெர்மாமீட்டரோ கிடையாது. தகடு திருப்பித் தரும் அதிர்ச்சியே கணக்கு. கடைசிச் சுற்றில் மட்டும் நெருப்புக் காட்டாமல், வேண்டுமென்றே இறுகும்படி தட்டி விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்தாலும் நசுங்காமலிருப்பதற்கு அதுவே காரணம்.

பெரிய பாத்திரங்களைத் துண்டு துண்டாகச் செய்து இணைப்பார்கள். ஓரங்களைப் பற்கள்போல் கத்தரித்து, ஒன்றோடொன்று கோத்து, துத்தநாகம் அதிகமாகச் சேர்ந்த பற்றுப்பொடியை வெண்காரத்துடன் தூவி உலையில் காட்டுகிறார்கள். துத்தநாகம் மிகுந்தால் சீக்கிரம் உருகும். ஆதலால் பாத்திரம் உருகுமுன் பொடி உருகி ஓடிப் பல்லிடுக்குகளை அடைத்துக்கொள்கிறது. ஒரு கணம் பிந்தினால் பொடியோடு பாத்திரமும் போய்விடும். பொடி வைத்து ஊதுவதென்றால் என்னவென்று இங்கே வந்து பார்த்தால்தான் தெரிகிறது!

இல்லத்தரசிகள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று. பித்தளையில் நேராகப் புளியைக் கரைத்து வைத்தால் செம்பு கரைந்து களிம்பேறும். அதற்காகவே உட்புறம் ஈயம் பூசுகிறார்கள். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, உருகிய ஈயத்தைப் பஞ்சினால் ஒரே வீச்சில் துடைத்து விடுவதைப் பார்த்தால் மாயாஜாலம்போல் இருக்கும். ஆனால் நம் பாஷையில் ஈயம் என்ற சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் ஒளிந்திருக்கின்றன. வெள்ளீயம் நல்லது, காரீயம் விஷம். பூசக் கொடுக்கிறவர்கள் வெள்ளீயந்தானா என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்வது அவசியம். "எங்க கிட்ட யாரும் கேட்டதில்லீங்க. கேட்டாச் சந்தோஷப்படுவோம்" என்றார் மகன்.

எவர்சில்வர் வந்து பித்தளையைப் பரணுக்கு ஏற்றிவிட்டதென்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. அனுப்பர்பாளையத்தார் எவர்சில்வரையும் கற்றுக்கொண்டு செய்கிறார்கள். கையால் தட்டும் வேலைக்கு வந்த கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறதென்று நமக்குத் தோன்றுகிறது. இந்தப் பட்டறைக்கு வியாபாரி தகட்டை எடை போட்டுக் கொடுத்து, பாத்திரத்தை எடை போட்டு வாங்கிக்கொள்கிறார். கூலியும் எடைக்குத்தான். பெரிய அண்டா ஒன்றை விடச் சிறிய செம்பின் கழுத்துக்கு அதிக அடி வேண்டியிருக்கலாம். தராசுக்கு அது தெரியாது. மெல்லியதாகவும் நேர்த்தியாகவும் செய்கிறவனுக்குக் கூலி குறைவு என்றால், நேர்த்தியை யார் கற்றுக்கொள்வார்கள்? உற்பத்தியாளர்களும் தொழிற்சங்கங்களும் கூலி ஒப்பந்தம் பேசுவதும், பேச்சு முறிந்தால் பட்டறைகளில் வேலைநிறுத்தம் நடப்பதும் இங்கே வழக்கமாக உள்ளவை. எத்தனை சதவிகிதம் உயர்வு என்பதே பேச்சு. அடிக்குக் கூலி உண்டா என்று கேட்பார் இல்லை.

பேரனை நாம் குறை கூறுவதற்கில்லை. திருப்பூரில் முதல் பின்னலாடைக் கூடம் 1925-ல் தொடங்கியது என்பார்கள். 1970-களின் பிற்பகுதியில் ஐரோப்பாவுக்குச் சரக்கு போக ஆரம்பித்த பிறகு, இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஓர் இளைஞனுக்குச் சம்பளமும் விசிறியும் நாற்காலியும் கிடைக்கும் இடம் பனியன் கம்பெனியே என்றாகிவிட்டது. "அவன் போனது நல்லதுதானுங்க. தோள்பட்டை வலி தெரியாம இருப்பான்" என்று மகன் சொன்னார். சொல்லிவிட்டு, தாம் முடித்த தவலையைத் தகப்பனாரிடம் நீட்டினார். மற்றதெல்லாம் அவரே செய்கிறார்; வாய் விளிம்பை மட்டும் இன்னமும் பெரியவர்தாம் பார்க்கவேண்டுமாம். பெரியவர் கட்டைவிரலை விளிம்பில் ஒரு சுற்று ஓட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, மகனுடைய விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். மகன் வெகு நேரம் தடவிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நாமும் தொட்டுப் பார்த்தோம். எங்கும் ஒரே மாதிரியாகத்தான் இருந்தது.

தை மாதத்துக் கல்யாணம் ஒன்றுக்குச் சீர்வரிசைக்காக ஏழு உருப்படிகள் கேட்டிருக்கிறார்களாம். அன்று மாலை நான்கு முடிந்திருந்தன.