மேற்கணக்கும் கீழ்க்கணக்கும்

ஊவாவில் ஆகஸ்ட் மாதம் என்றால் காற்றுதான். நுவரெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். மழையை அந்தப் பக்கத்திலேயே இறக்கிவிட்டு, மலையைத் தாண்டி வரும் காற்று வெலிமடை, பண்டாரவளை, பதுளை எங்கும் வறண்ட கச்சானாக வீசும். அந்தக் காய்ச்சலில் கொழுந்து மெதுவாகத்தான் வரும். ஆனால் அந்த மெதுவான கொழுந்தின் வாசத்துக்காகவே ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் இருக்கிறது. தேயிலைக்குப் பெயர் கிடைக்கும் மாதத்தில் பறிப்பவளுக்கு அரைப்பேர் விழுவது தனிக்கதை.

மழை இல்லாததால் எமது தோட்டங்களில் இதுவே கிரிக்கெட் காலமும் ஆகும். ஒவ்வொரு ஞாயிறும் எங்காவது ஒரு மென்பந்துச் சுற்றுப்போட்டி நடக்கும். மலைநாட்டில் சமதரை கிடைப்பது அரிது. ஆகவே பெரட்டுக்களம், பாடசாலைத் திடல், தேயிலை பிடுங்கிய மேட்டு நிலம் என்று கிடைத்த இடமே மைதானம். அந்த இடத்துக்கு ஏற்றபடிதான் சட்டமும். எமது தோட்டத்தில் பந்து லயத்துக் கூரையில் விழுந்தால் ஆட்டமிழப்பு. தேயிலைக்குள் விழுந்தால் எத்தனை ஓடினாலும் இரண்டு ஓட்டம் மட்டுமே. பந்து தேடுகிற சாக்கில் செடியை முறித்தால் அடுத்த நாள் துரையிடம் யார் பதில் சொல்வது? அதற்காக வந்த சட்டம் அது. அன்றைக்கு எல்லா வம்பும் அந்தச் சட்டத்தில்தான் தொடங்கியது.

இந்த விளையாட்டும் நாமும் இந்த நாட்டில் ஏறக்குறைய ஒரே வயதினர். கொழும்பு கிரிக்கெட் கழகம் தொடங்கியது 1832 இல். கோப்பித் தோட்டங்களுக்கு எமது முன்னோர் கடல் கடந்து நடந்து வந்ததும் அந்தக் காலத்தையொட்டித்தான். துரைமார் தமது கிளப்புகளில் வெள்ளை உடுப்புடன் ஆடினார்கள். எம்மவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருப்பார்கள். 1920 இல் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த ஒருவரின் பேரன்தான் முத்தையா முரளிதரன். 2010 ஜூலையில் காலி மைதானத்தில் தனது கடைசி டெஸ்ட் போட்டியில் 800 ஆவது விக்கெட்டை அவர் எடுத்தார். அதன் பிறகு மணிக்கட்டைத் திருப்பிப் பந்து வீசிப் பார்க்காத பையன் எந்த லயத்திலும் இல்லை.

பெண்களுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைகள் எப்படிப் போகும் என்பது வாசகிகளுக்குத் தெரியும். ஆறு நாள் மலையேறிவிட்டு ஏழாம் நாள் துணி துவைக்க, விறகு பொறுக்க, கிணற்றடிக்கும் பீலிக்கும் போக வேண்டும். அதற்கு நடுவில் இருபத்திரண்டு பேருக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் பிளேன்டீயும். அதைக்கூடச் செய்துவிடலாம். எமக்குப் பயம் எல்லாம் ஆட்டம் முடிந்த பிறகுதான். காசு வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். ஜெயித்தாலும் சாராயம், தோற்றாலும் சாராயம். மைதானத்தில் முடியாத சண்டை இருட்டிய பின் லயத்துக்கு வரும். மேற்கணக்கில் பிறந்த பெண் கீழ்க்கணக்கில் வாழ்க்கைப்பட்டிருப்பாள், கீழ்க்கணக்கில் பிறந்தவள் மேற்கணக்கில். தோற்ற கோபத்துக்கு முதலில் பேச்சு வாங்குவது அவர்கள்தான். என் அண்ணி மேற்கணக்குப் பெண். நாங்கள் கீழ்க்கணக்கு.

வழக்கமாக ஓட்டக் கணக்கு எழுதும் தம்பி கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டான். பாலர் பாடசாலையில் பிள்ளைகளின் வரவு எழுதுகிறவள் என்பதால் என்னிடம் வந்து கேட்டார்கள். “டீச்சர், நீங்க ரெண்டு கணக்குக்கும் பொதுவா எழுதுங்க” என்றார்கள். நான் கீழ்க்கணக்கு என்பதை மேற்கணக்குப் பையன்கள் பெரிதாக எடுக்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

ஓட்டக் கணக்கு எழுதுவது பார்ப்பதற்குத்தான் சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை. ஒவ்வொரு பந்தையும் இரண்டு இடத்தில் எழுத வேண்டும். அடித்தவன் பெயருக்கு நேரே ஒரு தடவை, வீசியவன் பெயருக்கு நேரே ஒரு தடவை. அடித்தவர்களின் ஓட்டத்தோடு உதிரிகளைக் கூட்டினால் மொத்தம் வரவேண்டும். வீசியவர்கள் கொடுத்த ஓட்டத்தோடு, துடுப்பில் படாமல் ஓடிய உதிரிகளைக் கூட்டினாலும் அதே மொத்தம் வரவேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் கணக்கு சரி. வட்டிக்கடைக்காரனின் பேரேடுகூட இவ்வளவு கறாராக இருக்காது.

அது 2024 ஆகஸ்ட். அதற்குச் சில வாரங்களுக்கு முன், ஜூலை 28 ஆம் திகதி, தம்புள்ளையில் இலங்கைப் பெண்கள் அணி இந்தியாவை எட்டு விக்கெட்டுகளால் வென்று முதல் தடவையாக ஆசியக் கிண்ணத்தை எடுத்திருந்தது. சமரி அத்தபத்து 61 ஓட்டங்கள் அடித்ததை எமது லயத்துச் சிறுமிகள் ஒரே வீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தார்கள். ஆனால் அன்று இடைவேளையில் அவர்கள் துடுப்பைத் தூக்கியபோது, “ஏய், வச்சிட்டு போ” என்று ஒருவன் வாங்கி வைத்துவிட்டான். டீவியில் என்றால் கைதட்டுவார்கள், சொந்தத் தங்கச்சி என்றால் துடுப்பைப் பிடுங்குவார்கள்.

எட்டு ஓவர் ஆட்டம். முதலில் ஆடிய மேற்கணக்கு 61 ஓட்டங்கள் எடுத்தது. காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு அடித்தது. அந்தப் பக்கமிருந்து வீசினால் பந்து பறந்தது. எதிர்ப்பக்கமிருந்து வீசினால் பாதி வழியிலேயே களைத்துப்போனது. கீழ்க்கணக்கு கடைசி ஓவரில் எட்டு ஓட்டங்கள் எடுத்தால் வெற்றி என்று வந்து நின்றது. களத்தில் என் தம்பியும், பத்தாம் நம்பர் லயத்து நெட்டைப் பையனும்.

முதல் பந்தில் நெட்டையன் ஒன்று எடுத்தான். இரண்டாவதைத் தம்பி தவறவிட்டான். மூன்றாவதில் தம்பி ஒன்று. நாலாவதை நெட்டையன் தூக்கி அடித்தான். பந்து தேயிலைக்குள் போய் விழுந்தது. பந்து கிடைப்பதற்குள் இருவரும் மூன்று தடவை ஓடிவிட்டார்கள். நடுவர் இரண்டு விரலைக் காட்டி அவர்களைப் பழைய முனைக்கே திருப்பி அனுப்பினார். நான் இரண்டு என்று எழுதி, பக்கத்தில் ‘தே’ என்று குறித்தேன். எதிர்ப்பக்கத்தில் தகரத்தில் சோக்கட்டியால் எழுதிக்கொண்டிருந்த சிறுவன், கூச்சலிலும் காற்றிலும், ஓடியதைப் பார்த்து மூன்று கூட்டிவிட்டான். ஐந்தாவது பந்தில் ஒன்று, ஆறாவதில் ஒன்று. தகரத்தில் 61. என் கொப்பியில் 60.

தகரப்படி ஆட்டம் சமநிலை, இன்னும் ஒரு ஓவர் ஆட வேண்டும். கொப்பிப்படி மேற்கணக்கு ஒரு ஓட்டத்தால் வெற்றி. நிமிடத்தில் திடல் நிறைந்துவிட்டது. விக்கெட் கம்புகள் மண்ணிலிருந்து கழன்று கைகளுக்குப் போயின. கம்பு கைக்குப் போனால் அடுத்தது என்ன என்று எமக்குத் தெரியும். அடுத்த தோட்டத்திலிருந்து வந்திருந்த நடுவர் சின்னப் பையன். இரண்டு பக்கமும் சட்டையைப் பிடித்துக் கேட்கவும், “ஞாபகமில்ல” என்று சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும்.

அதன் பிறகு எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. “பொம்பளப் புள்ளைக்கு கிரிக்கெட்ட பத்தி என்னா தெரியும்? தகரத்துல உள்ளதுதான் கணக்கு” என்று பந்தயம் கட்டியிருந்த ஒருவர் கத்தினார். அடுப்படியில் நின்ற பெரியம்மா கரண்டியோடு வந்து நின்று சொன்னார்: “அந்தப் புள்ள எழுதி வச்சிருக்கு, வாசிக்கும். நீ எழுதியிருந்தா நீயும் வாசி.”

நான் வாசித்தேன். வீசியவர்கள் கொடுத்தது 58, துடுப்பில் படாதது 2, மொத்தம் 60. அடித்தவர்கள் எடுத்தது 52, உதிரிகள் 8, மொத்தம் 60. எண்களைக் கேட்டு யாரும் அடங்கவில்லை. ஆகவே தம்பியைக் கூப்பிட்டேன்.

“கடைசிப் பந்த அடிச்சது யாரு?”

“நான்தான். எல்லாரும் பாத்தாங்களே.”

“நாலாவது பந்துல மூணு ஓட்டம்னா முனை மாறியிருக்கும். அஞ்சாவத நீ அடிச்சிருப்ப. அதுல ஒண்ணு ஓடினா கடைசிப் பந்து நெட்டையனுக்குத்தானே போயிருக்கும்? நீ எப்படி அடிச்ச?”

தம்பி வாயைத் திறந்தான், மூடினான். மேற்கணக்குக் கிழவர் ஒருவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். “ரெண்டுதான்டா. ரெண்டேதான்” என்றார். நெட்டையனும், “ஆமா, என்னத் திரும்பிப் போகச் சொன்னாங்க” என்று முணுமுணுத்தான். கம்புகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்தன. சிலர் முறைத்துக்கொண்டே போனார்கள். ஆனால் யாரும் யாரையும் தொடவில்லை. அண்ணி அன்றிரவு நிம்மதியாகச் சோறு போட்டாள்.

தம்பி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் வந்து, தான் மொத்தம் எத்தனை அடித்தான் என்று பார்க்கக் கொப்பியைக் கேட்டான்.

ஆனால் அவனுக்கு முன்பே அந்தக் கொப்பியைக் கேட்டு வந்தவர் பெரியம்மா. அவருக்கு எழுத வராது, எண்கள் தெரியும். “ஒவ்வொரு பந்தையும் எழுதுனா இப்படி வாயடைக்க முடியுமா? அப்ப கொழுந்துக்கும் இப்படிக் கோடு போட்டுக் குடு” என்றார். 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வந்ததிலிருந்து பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டிவிட்டார்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர். கொழுந்து மடுவத்தில் நிறுத்த நிறையிலிருந்து சாக்குக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை என்று கழிப்பார்கள். ஒரு துளி மழை இல்லாத ஆகஸ்டிலும் எமது தோட்டத்தில் ஈரத்துக்குக் கழித்தார்கள். எழுதுவது அவர்கள் மட்டுமே. எமது பக்கத்தில் தகரம்கூட இல்லை.

நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் திகதி, காலை, பகல், மாலை, கழிவு, முழுப்பேரா அரைப்பேரா என்று ஆறு கட்டம் கோடு போட்டுக் கொடுத்தேன். பெரியம்மா ஒவ்வொரு தடவையும் நிறுத்த பின் எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்து, கூடையை இறக்கியதும் எழுதினார். மாத முடிவில் சம்பளச் சிட்டையோடு ஒப்பிட்டபோது இரண்டு நாள் வித்தியாசம் இருந்தது. சிட்டையில் அரைப்பேர், கொப்பியில் முழு நிறை. சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். ஒரு நாளைத் திருத்தினார்கள். மற்ற நாளுக்கு, “கொப்பியில யாரும் எழுதலாம்தானே” என்று பதில் வந்தது. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து, ஒரே மலையில் பறிக்கும் மூன்று பேர் ஒருவர் நிறையை மற்றவர் கொப்பியிலும் எழுதத் தொடங்கினார்கள், அடித்தவன் பக்கத்திலும் வீசியவன் பக்கத்திலும் எழுதுவதைப் போல.