வாத்து சுட ஒரு டப்பா டிவி

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே, பொறுத்துக்குங்க.

போன தீபத்துக்கு நாலு நாள் முன்னாடி அண்ணன் போன் பண்ணான். ஆறு வருஷம் கழிச்சு! அப்பா போனதுக்கப்புறம் வீட்டைப் பாகம் பிரிச்சதுல ஆரம்பிச்ச சண்டை. அவன் துபாய்ல, நான் இங்க திருவண்ணாமலையில. பேச்சே நின்னு போச்சு. "தீபத்துக்கு வரேன்டா, பாப்பாவும் வரா"ன்னான். அதுக்கு மேல என்ன பேசறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. போனை வைக்கப் போற நேரத்துல, "டேய், அந்த வாத்து சுடற கேம் இன்னும் இருக்கா?"

இருக்கு. பரண்ல.

தொண்ணூறுகள்ல வளர்ந்தவங்களுக்குச் சொல்லவே வேணாம். நிண்டெண்டோ 1983ல ஜப்பான்ல விட்ட ஃபேமிகாமோட நகல் பெட்டி. கேசட் மேல 9999 கேம்னு போட்டிருக்கும், உள்ள பார்த்தா பத்துப் பதினைஞ்சுதான் திரும்பத் திரும்ப வரும். கூடவே ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. அதுக்குன்னே 1984ல வந்த கேம்தான் 'டக் ஹன்ட்'.

ஹால்ல இருக்கற 43 இன்ச் எல்.ஈ.டி.யில மாட்டினேன். படம் வந்துச்சு, சப்பாத்தி மாவைத் தேய்ச்ச மாதிரி அகலமா. ஆனா துப்பாக்கி? ம்ஹூம். ஒரு வாத்து கூட விழல. ரிப்பேர்னு நினைச்சுக் கழட்டவே போயிட்டேன். அப்புறம் தேடிப் படிச்சப்பதான் விஷயம் புரிஞ்சுது. துப்பாக்கியில இருந்து எதுவும் வெளிய போறதில்லீங்க. வெளிச்சத்தைப் பார்க்கற ஒரு சென்சார்தான் உள்ள இருக்கு. விசையை அழுத்தினதும் திரை ஒரு கணம் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்கற இடத்துல வெள்ளைக் கட்டம் வரும். கறுப்பு பார்த்து, உடனே வெள்ளை பார்த்தா வாத்து காலி. (டியூப்லைட்டைப் பார்த்து சுட்டு ஏமாத்தலாம்னு அப்ப முயற்சி பண்ணோம். ஏன் பலிக்கலன்னு முப்பது வருஷம் கழிச்சு விளங்குது!) டப்பா டிவி சிக்னல் வர வர கோடு கோடா உடனே வரைஞ்சுடும். புது டிவி முழுப் படத்தையும் வாங்கி, பெருசாக்கி, மெருகேத்தி அப்புறம்தான் காட்டும். அதுக்குள்ள துப்பாக்கி பார்த்து முடிச்சிருக்கும்.

ஆக, டப்பா டிவிதான் வேணும். அப்பா வாங்கின 21 இன்ச் இருக்கு. ஆனா பாகத்துல அது அண்ணன் பங்கு. பூட்டின அவன் ரூம்ல கெடக்கு, சாவி அம்மாகிட்ட. ஆறு வருஷமா நான் அந்தக் கதவு பக்கமே போனதில்ல.

"ஏன்டா, அவனைக் கேட்டியா?"

"அவன்தாம்மா கேட்டான்."

அம்மா ஒண்ணும் சொல்லாம முந்தானையிலிருந்து சாவியை அவுத்துக் குடுத்தாங்க.

முதல்ல ஆண்டெனா வயர்லதான் மாட்டினேன், பழைய பழக்கம். டிவியில சின்ன மூடியைத் திறந்தா வி.எல், வி.எச், யூன்னு குட்டி ஸ்விட்ச், பக்கத்துல திருகற குட்டிச் சக்கரம். அண்ணன் திருக, நான் "வருது... வருது... போச்சு"ன்னு கத்துவேன். இப்ப தனியா திருகினேன். படம் வந்துச்சு, ஆனா மேல எறும்பு ஊர்ற மாதிரி. படத்தையும் சத்தத்தையும் கலந்து சேனலாக்கி அனுப்பறான், டிவி திரும்பப் பிரிக்குது. அந்தப் போக்குவரத்துல சேர்ற குப்பைதான் எறும்பு. டிவிக்குப் பின்னாடி ஏ.வி. ஓட்டை இருந்தா மஞ்சள் வயரை நேரா அதுல சொருகிடுங்க. மத்த எல்லா அட்ஜஸ்ட்மென்ட்டையும் விட இதுதான் பெரிய வித்தியாசம். எறும்பெல்லாம் ஓடிப் போச்சு.

அடுத்து, வலது ஓரத்துல ஊதாக் கறை. பிக்சர் டியூப் போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். பக்கத்துல ஸ்பீக்கரை வச்சது நான்தான், காந்தம்! தள்ளி வச்சும் கறை போகல. ஸ்விட்ச் போட்டதும் 'தொம்'னு ஒரு சத்தம் வருமே, அதுதான் டிவி தன் மேல ஒட்டின காந்தத்தைத் தானே எடுக்கறது. சும்மா சும்மா ஆஃப் பண்ணி ஆன் பண்ணா நடக்காது, அரை மணி நேரம் ஆறணும். மூணு 'தொம்'ல சரியாச்சு. ஷார்ப்னஸைக் குறைச்சதும் வாத்தைச் சுத்தி இருந்த வெள்ளைக்கோடு போச்சு. ஆனா கான்ட்ராஸ்டை ரொம்பக் குறைச்சா துப்பாக்கிக்கு வெளிச்சம் பத்தாது. பின்மூடியை மட்டும் கழட்டிடாதீங்க சாமி, உள்ள இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல ஓடும், அணைச்சப்புறமும் கொஞ்சம் தங்கியிருக்கும்.

தீபத்தன்னிக்கு ஊருக்கு வெளிய தற்காலிக பஸ் ஸ்டாண்டுல இறங்கி, கூட்டத்துல நடந்தே வந்து சேர்ந்தாங்க. அண்ணன் நரைச்சிருந்தான். ஹால்ல டிவியைப் பார்த்துட்டு நின்னான்.

"இது என் டிவி இல்ல?"

"ஆமாண்ணா. அம்மாகிட்ட சாவி வாங்கி எடுத்தேன்."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் பையை வச்சுட்டுத் தரையில உக்காந்து துப்பாக்கியை எடுத்தான். முதல் வாத்து ரெண்டும் பறந்து போச்சு. புதர்லேர்ந்து அந்த நாய் எழுந்து சிரிச்சுது. பாப்பா விழுந்து விழுந்து சிரிச்சா. "நாயைச் சுட முடியாதாப்பா?" அதே கேள்வியை நான் அவன்கிட்ட கேட்டிருக்கேன்.

ஆறு மணிக்கு அம்மா மாடியிலேர்ந்து கூப்பிட, எல்லாரும் ஓடினோம். மலை மேல தீபம் ஏறுச்சு, ஊரே அரோகரா போட்டுச்சு. கீழ இறங்கும்போது அண்ணன் படிக்கட்டுல நின்னு, "டிவி ஹால்லயே இருக்கட்டும்டா"ன்னான்.

பாகத்தைப் பத்தி இன்னும் பேசல. நாங்க உள்ள போறதுக்குள்ள பாப்பா துப்பாக்கியோட உக்காந்துட்டா.