எட்டாம் பகுதி வரை பொறுத்திருந்தோமா?

2022 ஆம் ஆண்டு, திருவருகைக் காலத்தின் மூன்றாம் வாரம். மயிலாப்பூரில் நம் பங்கைச் சேர்ந்த அன்பியக் கூட்டம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடைபெற்றது. செபமாலையும் இறைவார்த்தைப் பகிர்வும் நிறைவுற்று, காப்பியும் முறுக்கும் வந்தபின், பேச்சு ‘வதந்தி’ என்னும் துப்பறியும் தொடரின் பக்கம் திரும்பியது. அம்மாதம் 2 ஆம் நாள் அமேசான் பிரைமில் வெளியான தொடர் அது. எட்டுப் பகுதிகளும் ஒரே நாளில் வந்துவிட்டதால், அங்கிருந்தோரில் பலர் முழுவதையும் பார்த்து முடித்திருந்தனர். நாமும் பார்த்திருந்தோம் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஏதுமில்லை.

ஆண்ட்ரூ லூயிஸ் உருவாக்கி, புஷ்கர்–காயத்ரி தயாரித்த தொடர் இது. கன்னியாகுமரிப் பகுதியில் வெலோனி என்னும் ஆங்கிலோ இந்திய இளம்பெண் கொலையுண்டு கிடக்கிறாள். எஸ். ஜே. சூர்யா ஏற்று நடித்த காவல் அதிகாரி விவேக், உண்மையைத் தேடி அலைகிறார். அவர் யாரைக் கேட்டாலும், அவரவர் தமக்குத் தெரிந்த ஒரு வெலோனியைச் சொல்கிறார்கள். பத்திரிகைகள் தம் பங்குக்குச் சேர்க்கின்றன. இறந்தவளால் மறுமொழி கூற இயலாதன்றோ?

அன்பியத்தில் கருத்துகள் பலவாறாக எழுந்தன. அடையாற்றிலிருந்து மகள் வீட்டிற்கு வந்திருந்த ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், இரண்டாம் பகுதியிலேயே தாயைச் சந்தேகித்ததாகவும், பின்னர் எழுத்தாளர் மீது ஐயம் திரும்பியதாகவும் விவரித்தார். தியாகராய நகர்த் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதும் சகோதரர், “ஆங்கிலோ இந்தியக் குடும்பம்னாலே இப்படித்தான் காட்டணுமா, ஃபாதர்?” என்று வருந்தினார். கல்லூரி மாணவி ஒருத்தியோ, “செத்துப்போன பொண்ணையே இப்படிப் பேசுறாங்களே!” என்று கண்கலங்கினாள்.

நமக்கு 1990களின் பிற்பகுதி நினைவுக்கு வந்தது. சன் தொலைக்காட்சியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ ஒளிபரப்பான காலம். அடுத்த பகுதிக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு நாள்களில் தெருவெங்கும் துப்பறிவாளர்கள் தோன்றிவிடுவார்கள். சந்தேகிப்பதில் மனிதருக்கு எத்துணை இன்பம்! இதைச் சொல்லி நாமும் சிரித்தோம், அனைவரும் சிரித்தனர்.

மூலையில் அமர்ந்திருந்த ஒரு தாய் மட்டும் சிரிக்கவில்லை. “ஃபாதர், டிவியில வர்ற பொண்ணுக்காக எட்டு எபிசோட் பொறுமையா உட்கார்ந்தோம். எங்க பொண்ணைப் பத்திப் பேச்சு வந்தப்ப எட்டு நிமிஷம்கூட யாரும் பொறுக்கல” என்றார். கூடம் அமைதியாயிற்று.

அவர் நம்மைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆயினும் நமக்குப் புரிந்தது. 2018 இல் அவருடைய மகள் நம் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். நள்ளிரவுக்குப் பின் யாருடைய காரிலோ வந்து இறங்குகிறாள் என்று பங்கின் பெரியவர்கள் இருவர் வந்து கூறினர். நாம் அவளை அழைத்து ஒரு வார்த்தையேனும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. “சிறிது காலம் ஒதுங்கியிருக்கட்டும்” என்று குழுத் தலைவரிடம் சொல்லி அனுப்பினோம். பங்கின் அமைதியைக் காத்ததாக எண்ணிக்கொண்டோம். அவள் பழைய மாமல்லபுரம் சாலையில் இரவுப்பணி செய்து வந்தாள் என்பதும், அது அலுவலகம் அனுப்பும் வாடகைக் கார் என்பதும் பின்னரே தெரிந்தன. அதற்குள் அவள் பெங்களூருக்கு மாற்றல் வாங்கிச் சென்றுவிட்டாள்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. குருமடத்து நாள்களில் நாம் விரும்பிப் படித்த ஃபாதர் பிரவுன் கதைகளை அலமாரியிலிருந்து எடுத்தோம். 2013 முதல் பி.பி.சி. தொடராகவும் வந்துகொண்டிருப்பவை அவை. 1910 இல் அந்தக் குள்ளமான குருவைப் படைத்தபோது செஸ்டர்டன் கத்தோலிக்கர் அல்லர். 1922 இல்தான் திருச்சபையில் இணைந்தார். ஜான் ஓ’கானர் என்னும் குருவோடு உரையாடியபோது, தீமையைப் பற்றி அவர் அறிந்திருந்த ஆழம் கண்டு செஸ்டர்டன் வியந்தார். அந்த வியப்பிலிருந்து பிறந்தவரே ஃபாதர் பிரவுன்.

1927 இல் வெளிவந்த தொகுப்பில் அவர் தம் துப்பறியும் இரகசியத்தை வெளியிடுகிறார். குற்றவாளியை வெளியே நின்று ஆராய்வதில்லையாம். அவன் உள்ளத்தில் புகுந்து, அக்குற்றத்தைத் தாமும் செய்யக்கூடியவரே என்று உணரும் வரை சிந்திப்பாராம். அதனால்தான் குற்றம் புரிந்தவனைக் கண்டுபிடித்த பின்னும் அவரால் அவனை வெறுக்க முடிவதில்லை. ஒப்புரவு அருள் அடையாளத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாக அமர்ந்து பிறர் பாவங்களைக் கேட்டு வரும் நாம், ஓர் இளம்பெண்ணின் இடத்தில் ஒரு கணம் நம்மை வைத்துப் பார்க்கத் தவறினோம். ஃபாதர் பிரவுனின் வழியில் அந்தக் குற்றவாளியைத் தேடினால், அவர் நம் அறைக்கே வந்து சேர்ந்திருப்பார்.

மறுநாள் மாலை மந்தைவெளியில் இருந்த அவ்வீட்டிற்குச் சென்றோம். மன்னிப்புக் கேட்டோம். அந்தத் தாய் அழவும் இல்லை, ஆறுதல் கூறவும் இல்லை. “எங்கிட்டச் சொல்லி என்ன, ஃபாதர்? அவகிட்டச் சொல்லுங்க” என்று கைப்பேசியை நீட்டினார். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, “அன்னைக்கே நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, ஃபாதர்” என்றாள். அதற்கு நம்மிடம் விடையில்லை. “ஆமாம், கேட்டிருக்க வேண்டும்” என்று மட்டும் சொன்னோம். அடுத்த ஞாயிறு, அவள் இசைவு பெற்று, பாடகர் குழுவினரிடமும் அந்தப் பெரியவர்களிடமும் நம் தவற்றைச் சொன்னோம்.

அன்பு வாசகர்களே, துப்பறியும் தொடர் பார்ப்பது பாவமன்று. நல்ல தொடர் ஒன்று, நாம் முதலில் சந்தேகித்தவர் குற்றமற்றவர் என்று காட்டி நம்மை நாணச் செய்கிறது. அந்த நாணம் திரை அணைந்ததும் மறைந்துவிடலாகாது. அடுத்த முறை பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றி ஒரு செய்தி நம் வாசலுக்கு வரும்போது, அப்பிள்ளையை அழைத்துக் கேட்கும் வரையிலாவது நம் நாவைக் காப்போமாக.